அண்ணன் காத்திருந்த கரண்ட்

என் அண்ணனுக்கு மூச்சு, சுவரில் இருந்த பிளக்கிலிருந்துதான் வந்தது. வேடிக்கைக்குச் சொல்லவில்லை. இளவட்டமாக இருந்த காலத்திலிருந்தே தோட்டத்தில் புல்லுக்கு மருந்தடிக்கிற வேலை அவருக்கு. முதுகில் டாங்கி, வாயைச் சுற்றி ஒரு பழைய துணி, அவ்வளவுதான் பாதுகாப்பு. ஐம்பதைத் தாண்டியதும் நெஞ்சு போய்விட்டது. பதுளை ஆஸ்பத்திரியில் காட்டினோம். இனி மாத்திரை மட்டும் போதாது, வீட்டில் ஒக்சிஜன் மெஷின் வைத்துக்கொள்ளுங்கள், கழற்றாமல் இருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். கொழும்பில் வேலை செய்யும் அவருடைய மகள் எங்கெங்கோ அலைந்து ஒன்றைத் தேடிப் பிடித்து அனுப்பினாள். கரண்ட் இருந்தால் அது காற்றை இழுத்து வடிகட்டி, மெல்லிய குழாய் வழியாக அண்ணன் மூக்குக்குக் கொடுக்கும். கரண்ட் போனால் கீ என்று கத்திவிட்டு நின்றுவிடும். அவசரத்துக்கு ஒரு சிலிண்டரும் வைத்திருந்தோம். சிக்கனமாகத் திறந்தால் ஒரு ராத்திரியை ஓட்டலாம், அதற்கு மேல் வராது.

நாங்கள் இருப்பது லுணுகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீடுகளில். அண்ணனும் அண்ணியும் மேட்டு லயம். தங்கச்சி நான் பள்ளத்து லயம், ஸ்கூலுக்குப் பக்கத்தில். இரண்டுக்கும் நடுவில் ஓர் ஓடை, அதன் மேல் ஒரு சிமெந்துப் பாலம். மேட்டு லயத்தின் முதுகில் மலை. அந்த மலையில் வெடிப்பு விட்டிருக்கிறது, கையை உள்ளே விடலாம். மீரியபெத்தை மண்ணுக்குள் போன பிறகு மண்சரிவு பார்க்கிறவர்கள் எங்கள் பக்கமும் வந்தார்கள். இரண்டு லயத்துச் சுவரிலும் சிவப்புப் பெயிண்டால் குறி போட்டார்கள். பெரிய மழை வந்தால் எல்லோரும் ஸ்கூலுக்குப் போய்விட வேண்டும் என்றார்கள். வேறு இடத்தில் வீடு தருவோம் என்றும் சொன்னார்கள். பெயிண்ட் வெளுத்துப் போய்விட்டது. வீடு இன்னும் வரவில்லை.

மழைக்குப் பயந்து ஸ்கூலுக்குப் போவது மற்றவர்களுக்கு ஒரு பாயும் ஒரு போர்வையும் தூக்குகிற வேலை. அண்ணனுக்கு அப்படியில்லை. தேயிலை அரைக்கிற பெக்டரியை நாங்கள் ஸ்டோர் என்போம். மேட்டு லயத்துக்கு வருகிற கரண்ட் கம்பி ஸ்டோருக்குப் போகிற லைனிலிருந்து வருவது. எங்கே மரம் விழுந்தாலும் ஸ்டோர் லைனைத்தான் முதலில் சரி செய்வார்கள், இல்லாவிட்டால் கொழுந்து கெட்டுப்போகும். ஸ்கூல் லைனோ போனால் போனதுதான். ஆக, கொழுந்துக்குக் கிடைக்கிற மரியாதையில் ஒட்டிக்கொண்டு என் அண்ணன் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். இதை நினைத்தால் எனக்கு அப்போதே வயிறு எரியும். அண்ணனுக்கு எரியாது. "கொழுந்து வாழ்க, அதால நாமளும் வாழ்க" என்று சிரிப்பார், சிரித்தால் இருமல் வரும்.

பெட்ரோலுக்கும் சமையல் காஸுக்கும் நாடே வரிசையில் நின்ற வருஷம்தான் அவருக்கு இந்த அணுக் கரண்ட் பைத்தியம் பிடித்தது. நான் லுணுகலையில் ஒரு முஸ்லிம் முதலாளியின் மின்சாமான் கடையில் வேலை செய்கிறேன். அந்த வருஷம் சார்ஜ் லைட் விற்று விற்றே கை வலித்தது. ஊர்களை ஏ, பி, சி என்று எழுத்து எழுத்தாகப் பிரித்து, இன்ன எழுத்துக்கு இன்ன நேரம் கரண்ட் இல்லை என்று போனில் அனுப்புவார்கள். அண்ணன் அதை ராசிபலன் மாதிரிப் பார்ப்பார். வெட்டுகிற நேரம் வருமுன் சிலிண்டரைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு, சாவியில் கை வைத்தபடி உட்கார்ந்திருப்பார். ஒரு மனுஷன் தன் மூச்சை இப்படி மணி பார்த்துச் செலவழிக்கிற கொடுமையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. டீசல் வாங்கக் காசில்லை, நிலக்கரிக் கப்பல் வரவில்லை, மழை இல்லாமல் டேம் வற்றிவிட்டது என்று ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் சொன்னார்கள். அப்போதுதான் எங்கோ கேட்டுவிட்டு அண்ணன் ஆரம்பித்தார். அந்தச் சண்டை வருஷக்கணக்கில் இப்படியே ஓடியது.

"அணு உலை ஒண்ணு கட்டிட்டா மழையும் வேணாம், கப்பலும் வேணாம். ஒருக்கா எரிபொருள் போட்டா மாசக்கணக்குல அது பாட்டுக்கு ஓடும். ராத்திரி பகல் கெடையாது. காத்து அடிச்சாலும் அடிக்காட்டாலும் ஓடும்."

"ஆமா, ஓடும். நம்ம ஆளுங்க ஓட்டுனா எங்க ஓடும்னு சொல்லு. ஒரு குரங்கு பாஞ்சு நாடே இருட்டாப் போச்சு. இவனுங்க அணுவைக் கட்டி மேய்க்கப் போறானுங்களாம்."

குரங்கு விஷயம் நான் சொன்னது பொய்யில்லை. எங்கோ ஒரு மின்நிலையத்துக்குள் குரங்கு பாய்ந்து நாடு முழுக்கக் கரண்ட் போனது அந்த வரிசை வருஷத்துக்குப் பின்னால் நடந்த உண்மை. அதற்குப் பிறகு எங்கள் சண்டையில் அந்தக் குரங்கு என் பக்கத்து ஆளாகிவிட்டது. அண்ணனும் விடமாட்டார். தோட்டத்து ஜனங்களை இந்தியாவுக்கு அனுப்பிய ஒப்பந்தத்தில் போன எங்கள் பெரியப்பா பிள்ளைகள் திருநெல்வேலிப் பக்கம் இருக்கிறார்கள். அவர்கள் ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில், கடற்கரையில், ஓர் அணு உலை இருக்கிறது. அண்ணன் அவர்களுக்குப் போன் போட்டு, உலை பக்கத்திலேயே இருக்கிறதே, கரண்ட் எப்படி என்று கேட்டார். "எல்லா ஊரு மாதிரியும்தான் மாமோய், போவும் வரும்" என்று பெரியப்பா பேரன் சொன்னான். உலை வேண்டாம் என்று அங்கே ஜனங்கள் கடற்கரையில் கூடிப் போராடியதையும் சொன்னான். போனை வைத்த பிறகு அண்ணன் சொன்னார், "அவனுக்கு நெஞ்சு நல்லாருக்கு, அதான் அப்படிப் பேசுறான்."  

பின்னால் வந்த பெரிய மழையைச் சொல்லுமுன் அதற்கு முந்தின ஒரு மழையைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பிறகு நடந்தது விளங்காது. அந்த மழைக்கு இரண்டு லயமும் ஸ்கூலுக்கு இறங்கினோம். அண்ணனைக் கதிரையில் வைத்துத் தூக்கினார்கள், மெஷினை ஒருத்தன் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். ஸ்கூலில் பிளக்கில் குத்தினோம். கொஞ்ச நேரம் ஓடியது. பிறகு கரண்ட் போனது, போனதுதான். சிலிண்டர் விடியுமுன்னே முடிந்துவிட்டது. அண்ணன் உதடு நாவற்பழம் தின்ற மாதிரி ஆனதை நான் கிட்டே இருந்து பார்த்தேன். ஒரு லொறியை மறித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் பிழைக்க வைத்தோம். திரும்பி வந்தால், மேட்டு லயத்தில் கரண்ட் போகவே இல்லையாம், ஸ்டோர் லைன் நின்று பிடித்திருக்கிறது. மலையும் சரியவில்லை. அண்ணி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "வீட்லயே இருந்திருந்தா அவருக்கு ஒண்ணும் ஆயிருக்காதே" என்று அன்றைக்கு எத்தனை தரம் சொன்னாளோ தெரியாது.

அன்றிலிருந்து அண்ணனுக்கு மலை மேல் பயம் போய், ஸ்கூல் மேல் பயம் வந்துவிட்டது.

பிறகு ஒரு நாள் காலையில் ஒரு ஜீப் வந்தது. நான் அன்றைக்கு லீவில் மேட்டு லயத்தில் இருந்தேன். ஜீப்பிலிருந்து மாத்தயா என்று நாங்கள் கூப்பிடுகிற ஒரு நடுவயதுச் சிங்களத்து ஐயாவும், இரண்டு இளம்பிள்ளைகளும் இறங்கினார்கள். கையில் மெஷின், மலை வரைபடம், பெயிண்ட் டப்பா. எங்கள் ஜனங்களுக்கு அது போதாதா? மெஷினும் வரைபடமுமாக இந்த மலைக்கு வந்தவர்கள் இதுவரை மண்சரிவுக்காரர்கள் மட்டும்தான். "வீடு குடுக்க வந்துட்டாங்க" என்று ஒரு சத்தம். அரை மணி நேரத்தில் லயமே தலை சீவி, பவுடர் போட்டு, ஐடென்டி கார்டைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றது. அண்ணி தீபாவளிச் சேலை கட்டிக்கொண்டு வந்தாள். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்பார்கள் என்று, பக்கத்து வீட்டுக்காரி கலியாணமாகிப் போன மகளையும் போன் போட்டு வரச் சொன்னாள்.

அந்த மாத்தயா பாவம், திகைத்துப் போய்விட்டார். எனக்குக் கடையில் பேசிப் பழகிய சிங்களம் உண்டு. நான்தான் போய்க் கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். மண்சரிவுக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. இந்த நாட்டுப் பாறையில் தோரியம் என்று ஒரு பொருள் இருக்கிறது. என்றைக்காவது அணு மின்சாரத்துக்கு அது உதவலாம். எந்தப் பாறையிலிருந்து எவ்வளவு கதிர் வருகிறது என்று அளந்து படம் போடுகிறார்கள். அளந்த இடத்தைத் திரும்பக் கண்டுபிடிக்கப் பச்சைப் பெயிண்டால் ஒரு வட்டம், உள்ளே ஒரு நம்பர். அவ்வளவுதான் விஷயம்.

இதை அப்படியே நான் வரிசைக்குச் சொன்னேன். தமிழில், தெளிவாக, கத்திச் சொன்னேன். வீடு இல்லை என்றதும் பாதிப் பேர் முகம் விழுந்துவிட்டது, மீதியை யாரும் கேட்கவில்லை. அந்தப் பிள்ளைகள் லயத்துக் கோடிச் சுவரடியில் மெஷினை வைத்தார்கள். அது ஒன்றிரண்டு தரம் டிக் டிக் என்றது. எழுதிக்கொண்டார்கள். பிறகு, வெளுத்துப்போன பழைய சிவப்புக் குறிக்குப் பக்கத்திலேயே, பளிச்சென்று ஒரு பச்சை வட்டம் போட்டார்கள். வேறு இடமா கிடைக்கவில்லை அவர்களுக்கு! பள்ளத்து லயத்துக்கும் வருவதாக இருந்தது. மத்தியானம் மழை பிடித்துக்கொண்டதால் பாலத்தடியிலிருந்து திரும்பிப் போய்விட்டார்கள்.

போகுமுன் மாத்தயாவை அண்ணன் உள்ளே கூப்பிட்டுவிட்டார். அணுக் கரண்ட் என்ற சொல் காதில் விழுந்த பிறகு அவரைப் பிடிக்க முடியுமா? அண்ணி தேத்தண்ணி கொடுத்தாள். மெஷினையும் குழாயையும் பார்த்து மாத்தயாவுக்கு முகம் மாறிவிட்டது. அண்ணன் கேட்கக் கேட்க நான் சிங்களத்தில் சொன்னேன்.

"எப்ப மாத்தயா வரும்?"

சீக்கிரம் வராது, பத்து வருஷத்துக்கு மேலாகலாம் என்றார். நம் நாட்டு மின்சார வலை சின்னது. ஒரு பெரிய உலையை அதில் மாட்டினால், அது ஒருநாள் சட்டென்று நின்றுபோனால் எல்லாவற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழும். அதனால் சின்ன உலைகளைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அதற்கும் பணம், ஆள், கழிவை எங்கே வைப்பது என்று ஆயிரம் கேள்வி. ஆனால் எண்ணெயையும் மழையையும் மட்டும் நம்பி ஒரு நாடு இருக்க முடியாது, அடியில் எப்போதும் ஒரே சீராக ஓடுகிற ஒன்று வேண்டும், அதற்கு அணு நல்லது என்றார்.

அண்ணனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. என்னைப் பார்த்து, கேட்டியா என்று கண்ணைக் காட்டினார். பிறகு கேட்டார், "அது வந்தா எங்க லயத்துல கரண்ட் நிக்காதுதானே?"

மாத்தயா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். வேண்டுமென்றால் ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவர் நல்ல மனுஷன். உலை கரண்டை உண்டாக்கும், அதை இங்கே கொண்டுவருவது கம்பியும் தூணும் என்றார். தூண் விழுந்தால் அந்தக் கரண்ட் எதிலிருந்து வந்தது என்பதில் என்ன இருக்கிறது என்றார். நான் அதை மாற்றாமல் தமிழில் சொன்னேன். அண்ணன் தலையாட்டினார், ஆனால் முகத்தில் இருந்த வெளிச்சம் குறையவில்லை.

ஜீப் போன மறுநாளே லயத்தில் கதை வேறாகிவிட்டது. சிவப்பு என்றால் ஆபத்து, பச்சை என்றால் ஆபத்தில்லை, இது யாருக்குத் தெரியாது? சிவப்புக்குப் பக்கத்தில் பச்சை அடித்திருக்கிறார்கள் என்றால் மலை ஆறிவிட்டது, வெடிப்பு மூடிக்கொண்டு வருகிறது என்று அர்த்தமாம். மெஷின் வைத்துப் பார்த்தார்களே, அது கத்தவில்லையே. பத்து நாளில் பள்ளத்து லயத்துக்காரர்களே வந்து, எங்களுக்கும் பச்சை அடிக்கச் சொல்லுங்கள் என்று என்னிடம் கேட்டார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது.

"அண்ணி, அது மலைக்கு அடிச்சதில்ல. கல்லுக்குள்ள இருக்கற கதிருக்கு அடிச்சது. அந்த ஆளே சொன்னாரு, நான்தானே எல்லாருக்கும் சொன்னேன்."

"கல்லுக்குள்ள இருக்கறதையே பாக்கற மெஷினு, மண்ணுக்குள்ள இருக்கற வெடிப்பைப் பாக்காதா புள்ள?"

"பாக்காது! அதுக்கு அது தெரியாது!"

"நீ கடையில லைட்டு விக்கிறவ. ஜீப்புல வந்தவனுக்குத் தெரியாததா உனக்குத் தெரியப்போவுது? சும்மா இரு."

நான் கோபத்தில் எழுந்து வெளியே வந்தேன். சுண்ணாம்பு கரைத்து அந்த வட்டத்தை அழித்துவிடுவேன் என்று கத்தினேன். லயத்துப் பெண்கள் சேர்ந்து என்னைப் பிடித்துக்கொண்டார்கள். அழித்தால் குத்தமாகிவிடுமாம். அழிக்க விட்டார்களா, பாவிகள்!

அன்று பொழுதுபடும் நேரம் அண்ணன் என்னை மட்டும் பக்கத்தில் கூப்பிட்டார். அண்ணி வாசல் பைப்பில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். மெஷின் ஓடுகிற சத்தத்தில் அவர் குரலைக் குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது.

"பெயிண்டு எதுக்குன்னு எனக்கும் தெரியும். அந்த மாத்தயா சொன்னது எனக்கு வெளங்காமயா இருக்கு? உங்கண்ணி இத்தனை வருஷமா மழைச் சத்தம் கேட்டா ஒக்காந்துக்கிட்டே விடிய வைப்பா. இப்ப தூங்குறா. விட்டுரு."

"மலை வந்தா என்னண்ணே செய்வ?"

"மலை வந்தா ஒரு நிமிசம். அங்க ஸ்கூல்ல போன தரம் பட்டேனே, அது என்னால முடியாது. எனக்கு இந்த பிளக்க விட்டுட்டு வர முடியாதுடா."

என்னை அவர் செல்லமாக 'டா' போட்டுத்தான் பேசுவார். நான் அழுதேன். திட்டினேன் என்றும் சொல்ல வேண்டும். சாகணும்னா நீ மட்டும் சாவு, அண்ணியை எதுக்கு இழுக்கிற என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "அவள நீ கூட்டிட்டுப் போயேன் பாப்பம்" என்றார். எப்படிக் கூட்டிப்போவேன்? அவள் அந்த மெஷினின் சத்தம் கேட்கிற தூரத்தைத் தாண்டிக் கடைக்குக்கூடப் போகிறவள் இல்லை.

பிறகு அந்தப் பெரிய மழை வந்தது. அதைப் பற்றி எல்லோரும் அவரவர் கதை வைத்திருக்கிறார்கள், இந்த மாகாணத்தில் அந்த மழையில் எதையும் இழக்காத வீடு குறைவு. விட்டு விட்டுப் பெய்கிற மழையில்லை அது, கொட்டிக்கொண்டே இருந்தது. பள்ளத்து லயத்தில் பச்சைக் குறி இல்லையல்லவா, அதனால் நாங்கள் முதல் நாள் மத்தியானமே பயந்து ஸ்கூலுக்குப் போனோம். மேட்டு லயத்தில் ஒருத்தரும் அசையவில்லை. கிராம சேவகர் போன் போட்டார், கோயில் ஸ்பீக்கரில் கூப்பிட்டார்கள், எதற்கும் அசையவில்லை. நான் அண்ணிக்குப் போன் போட்டேன்.

"வாங்க அண்ணி. நாலு பேரை அனுப்புறேன், தூக்கிட்டு வரட்டும். சிலிண்டரையும் எடுத்துக்கங்க."

"இங்க கரண்ட் இருக்கு. அங்க இருக்கா?"

ஸ்கூலில் கரண்ட் அப்போதே போய்விட்டிருந்தது. 

"பாத்தியா" என்றாள். "நமக்குப் பச்சை அடிச்சிருக்கு. நீ புள்ளைங்களைப் பாத்துக்க."

அன்று சாயங்காலம் ஓடை பெருகி பாலத்தைக் கொண்டுபோய்விட்டது. பாலம் இருந்த இடத்தில் பாறையும் மரமும் சேறுமாக இறங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் எதிர்ப்பக்கம் மேட்டு லயத்து விளக்குகள் எல்லாம் ஒன்றாக அணைந்ததை ஸ்கூல் வாசலிலிருந்து பார்த்தோம். ஸ்டோர் லைனும் போய்விட்டது. நான் போன் போட்டேன், அண்ணி எடுத்தாள். சிலிண்டரைத் திறந்திருக்கிறேன் என்றாள். அதற்குப் பிறகு லைன் கிடைக்கவில்லை.

ஸ்டோர் லைன் வரும், அதைத்தானே முதலில் பார்ப்பார்கள் என்று அந்த ராத்திரி முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். விடிந்தபோது ஒருத்தர் ரேடியோவில் கேட்டுச் சொன்னார். மலைநாடு பூராவும் தூண்கள் சரிந்து கிடக்கின்றனவாம், பெரிய கோபுரங்களே விழுந்துவிட்டனவாம். டேம் எல்லாம் நிரம்பி வழிந்து கதவைத் திறந்துவிட்டிருக்கிறார்களாம். வருஷக்கணக்கில் தண்ணீர் இல்லை, அதனால் கரண்ட் இல்லை என்றார்கள். இப்போது தண்ணீருக்குள் நிற்கிறோம், கரண்ட் இல்லை. எந்தக் கடற்கரையில் எத்தனை அணு உலை ஓடிக்கொண்டிருந்தாலும் அன்றைக்கு எங்கள் லயத்துக்கு என்ன செய்திருக்கும்? அந்த மாத்தயா சொன்ன கம்பியும் தூணும்தான் மண்ணுக்குள் கிடந்தன.

அன்று காலையில் ரோட்டுப் பக்கமிருந்து ஆமிக்காரர்கள் நடந்தே ஸ்கூலுக்கு வந்து சேர்ந்தார்கள். அரிசி, பிஸ்கட், மருந்து, கூடவே தோளில் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு ஒரு ஜெனரேட்டர். வந்த உடனே ஓட விட்டார்கள். ஹோலில் லைட் எரிந்தது. ஜனங்கள் முண்டியடித்துப் போனைச் சார்ஜ் போட்டார்கள், என் போனையும் மகன் கொண்டுபோய் ஒரு மூலையில் சொருகிவிட்டான். நான் ஆமிக்காரர்களில் ஒருத்தரைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடைக்கரைக்குப் போனேன். எதிர்ப்பக்கம் காட்டினேன். அங்கே ஒரு நோயாளி இருக்கிறார், என் அண்ணன், இதைத் தூக்கிக்கொண்டு போக முடியாதா என்று கேட்டேன். அவர் தண்ணீரைப் பார்த்தார். கயிறு கட்டிப் பார்த்தார்கள், கட்டிய மரமே போய்விட்டது. தண்ணீர் வடியட்டும் அக்கா, நாங்களே போகிறோம் என்றார். அந்தப் பையனுக்கும் கண் கலங்கிவிட்டது. அன்று முழுக்க நான் கரையிலேயே நின்றேன். மலை வரவில்லை. மேட்டு லயம் ஒரு ஓடுகூடக் கலையாமல் எதிரே நின்றது.

மறுநாள் காலையில்தான் தண்ணீர் வடிந்தது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு, இடுப்பளவு சேற்றில், ஆமிக்காரர்களுக்குப் பின்னால் நானும் போனேன். லயத்து வாசலில் ஆட்கள் நின்றிருந்தார்கள். பச்சை காப்பாத்திருச்சு, மலை அசையவே இல்லை என்று ஒருத்தன் சொல்ல ஆரம்பித்து, என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டான்.

லயத்து அறையில் ஜன்னல் சாத்தியிருந்தது. உள்ளே இருட்டு. அண்ணி பாயில் அண்ணன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். மூக்குக் குழாய் இன்னும் கழற்றப்படவில்லை. அவள் அழவில்லை, அழுது முடித்திருந்தாள். "மலை வரல புள்ள" என்றாள். "மலைக்குத்தான் பயந்தோம். வரல."

எனக்கு அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. இடுப்பிலிருந்து போனை எடுத்து லைட்டைப் போட்டேன். உதடு அதே நாவற்பழ நிறத்தில் இருந்தது. அதற்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை. அண்ணி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த லயத்தில் இரண்டு நாளாக ஒரு போனிலும் உயிர் இல்லை.

"சார்ஜ் இருக்கா?" என்று கேட்டாள்.

நான் லைட்டை அணைத்தேன். வாயில் ஒரு பொய் வந்தது, நாடு முழுக்கக் கரண்ட் இல்லை அண்ணி என்று சொல்ல. ஆனால் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

"ஆமிக்காரங்க ஜெனரேட்டர் கொண்டாந்தாங்க" என்றேன். "ஸ்கூலுக்கு."

"எப்ப?"

"நேத்து காலையில."

அவள் அண்ணன் மூக்கிலிருந்த குழாயை மெதுவாகக் கழற்றி, முந்தானையில் துடைத்து, மடியில் வைத்துக்கொண்டாள்.

"அவரு நேத்து பொழுது சாயற வரைக்கும் இருந்தாரு புள்ள" என்றாள்.